சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கான ஓர் ஒப்பீடு

பிள்ளைக்குக் கற்றலில் தடை இருப்பதாக ஆசிரியரோ மருத்துவரோ சொன்னதும் வீட்டில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இருக்கிற பள்ளியிலேயே வைத்திருப்பதா, சிறப்புப் பள்ளிக்கு மாற்றுவதா? ஆயா (பாட்டி) ஒன்று சொல்வார், பெரியப்பா வேறொன்று சொல்வார், கோவிலில் சந்திக்கிறவர்கள் தங்கள் உறவினர் பிள்ளையின் கதையைச் சொல்வார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களும், வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் ஜோகன்னஸ்பர்க் வந்து சேர்ந்த குடும்பங்களும் இதே கேள்வியுடன்தான் வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, நீங்கள் நினைத்திருக்கும் பள்ளியில் என்னென்ன பாடங்கள் நடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம், அவை எந்தச் சான்றிதழில் போய் முடிகின்றன என்பதைத்தான். பலர் பள்ளியைச் சுற்றிப் பார்த்திருப்பார்கள், முதல்வரிடம் பேசியிருப்பார்கள். கால அட்டவணையைக் கேட்டு வாங்கியவர்கள் மிகச் சிலரே.

இந்த நாட்டில் ‘சிறப்புப் பள்ளி’ என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பாடத்திட்டங்கள் நடக்கின்றன. ஒரு சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளை 12-ஆம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதிப் பல்கலைக்கழகம் போகலாம். இன்னொரு சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எந்தத் தேசியத் தேர்வையும் எழுதாமலே பள்ளி வாழ்வை முடிக்கலாம். இரண்டுமே தம்மளவில் சரியான கல்வியாக இருக்க முடியும். தவறான பிள்ளை தவறான பாடத்திட்டத்தில் அமர்ந்திருப்பதுதான் துயரம், அது நடக்கவும் நடக்கிறது. ஆகவே பள்ளிகளை ஒப்பிடாமல் பாடத்திட்டங்களை ஒப்பிடுகிறேன்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, பாடங்களின் எண்ணிக்கையும் நேரமும். கேப்ஸ் எனப்படும் தேசியப் பாடத்திட்டத்தில் தொடக்க நிலையில், அதாவது 3-ஆம் வகுப்பு வரை, நான்கு பாடங்களே உள்ளன: தாய்மொழி, முதல் கூடுதல் மொழி, கணிதம், வாழ்க்கைத் திறன்கள். 4-ஆம் வகுப்பில் அது ஆறாகிறது. 7-ஆம் வகுப்பில் ஒன்பதாகிறது. 10-ஆம் வகுப்பில் ஏழாகக் குறைகிறது. 4-லும் 7-லும் பிள்ளைகள் திடீரென்று ‘பின்தங்கிவிட்டதாக’ வீட்டுக்குக் கடிதம் வருவதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம். 3-ஆம் வகுப்பு வரை ஒரே ஆசிரியையின் கண்காணிப்பில் ஓரளவு சமாளித்த பிள்ளை, 7-இல் ஒன்பது பாடங்களுக்கு வெவ்வேறு ஆசிரியர்கள், வெவ்வேறு ஒப்படைப்புகள் என்று வரும்போது தடுமாறுகிறது.

இரண்டாவது, பாதை எங்கே முடிகிறது என்பது. மூன்றாவது, பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), பிசியோதெரபி போன்றவை பள்ளி நேரத்துக்குள் கிடைக்கின்றனவா, மாலையில் பெற்றோர் தேடிப் போய்ப் பணம் கட்ட வேண்டுமா என்பது. நான்காவது, பிறகு மாற்றிக்கொள்ள வழி உண்டா என்பது. ஐந்தாவது, கட்டண ரசீதில் தெரியாத செலவுகள். ஆறாவது மொழி, அதைப் பிற்பகுதியில் தனியாகப் பேசுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அதுவே முடிவைத் திசைதிருப்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வழி 1: சாதாரணப் பள்ளி, முழுக் கேப்ஸ், உதவியுடன்

2001-இல் வெளியான 6-ஆம் கல்வி வெள்ளை அறிக்கை, தேவைப்படும் உதவியின் அளவை வைத்துப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றது. குறைபாட்டின் பெயரை வைத்து அல்ல. குறைந்த உதவி போதுமானவர்களுக்குச் சாதாரணப் பள்ளி, நடுத்தர உதவி தேவைப்படுவோருக்கு முழுச்சேவைப் பள்ளி, மிகுந்த உதவி தேவைப்படுவோருக்குச் சிறப்புப் பள்ளி என்பது அதன் அமைப்பு. முழுச்சேவைப் பள்ளியும் சாதாரணப் பள்ளிதான். கூடுதல் வசதியும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அங்கே இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இந்த வழியின் பெரிய பலம், எந்தக் கதவும் மூடப்படுவதில்லை என்பது. பாடங்கள் எல்லாருக்கும் உள்ளவையே. மாறுவது கற்பிக்கும் முறையும் தேர்வு எழுதும் முறையும். கூடுதல் நேரம், வினாத்தாளை வாசித்துக்காட்டுபவர், சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், பெரிய எழுத்து வினாத்தாள் ஆகிய சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். டிஸ்லெக்ஸியா எனும் வாசிப்புத் தடை உள்ள மாணவரும் செவித்திறன் குறைந்த மாணவரும் இரண்டு மொழிகளுக்குப் பதில் ஒரே மொழியை எடுத்து, இன்னொரு பாடத்தால் எண்ணிக்கையை ஈடுசெய்ய விதிகளில் இடம் உண்டு. எண்களைக் கையாள்வதில் கடும் தடை உள்ளவர்களுக்குக் கணிதத்திலிருந்தும், அன்றாடக் கணக்கைக் கற்பிக்கும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசியிலிருந்தும் விலக்குப் பெற்று வேறு பாடம் எடுக்கும் வழியும் உண்டு. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை ஆங்கிலத்தோடு ஆஃப்ரிக்கான்ஸையோ இசிசூலுவையோ வைத்துக்கொண்டு போராடும் எத்தனையோ வீடுகளில் இந்த விதி யாருக்கும் தெரிந்திருப்பதில்லை. சலுகைகளுக்கான விண்ணப்பத்தை மெட்ரிக் ஆண்டுக்கு ஒத்திவைக்காதீர்கள். பிள்ளை சில ஆண்டுகளாகவே அந்தச் சலுகையுடன் எழுதிவந்தான் என்பதற்குப் பள்ளிக் கோப்பில் சான்று இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியில்தான் அதிகம். கல்வி உளவியலாளரின் மதிப்பீடு, மாலைநேரத் தனிப்பயிற்சி, சில பள்ளிகள் எதிர்பார்க்கும் தனி உதவியாளரின் சம்பளம் எல்லாம் பெற்றோர் தலையில் விழுகின்றன. மெடிக்கல் எய்ட் எனும் தனியார் மருத்துவக் காப்பீடு ஒரு பகுதியைத் தரலாம். அதன் ஆண்டு வரம்பு முடிந்ததும் மீதி உங்கள் பணம். இன்னொரு செலவு ரேண்டில் கணக்கிட முடியாதது. ஒரு கட்டத்தில், அதாவது தொடக்கநிலை, இடைநிலை போன்ற ஒரு படிநிலைக்குள், மாணவரை ஒருமுறைதான் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். பிறகு கற்றாலும் கற்காவிட்டாலும் மேலே அனுப்பப்படுவார். விதியின் நோக்கம் நல்லது. ஆனால் உதவி இல்லாத வகுப்பில், 3-ஆம் வகுப்பு வாசிப்புத் திறனுடன் ஒரு பையன் 8-ஆம் வகுப்பில் அமர்ந்திருப்பதற்கும் அதுவே வழி திறக்கிறது. அவன் தொந்தரவு செய்யாதவனாக இருந்தால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

வாசிப்பில், எழுத்தில், கவனத்தில், உடல் அசைவில் தடை இருந்தும், விளக்கிச் சொன்னால் வயதுக்கேற்பப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு இந்த வழியே முதல் தேர்வு. பள்ளி ‘எங்களுக்கு வசதியில்லை’ என்று சொல்வதை உடனே ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டாம். நியாயமான அளவில் முடிகிற இடத்தில் சாதாரணப் பள்ளியிலேயே கல்வி தரவேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் சொல்கிறது.

வழி 2: சிறப்புப் பள்ளி, ஆனால் முழுக் கேப்ஸ்

செவித்திறன் குறைந்தோர், பார்வைத்திறன் குறைந்தோர், பெருமூளை வாதம் உள்ளோர், கற்றல் தடை உள்ளோர் ஆகியோருக்கான பல பள்ளிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. டர்பனில் செவித்திறன் குறைந்தோருக்கான வி. என். நாயக் பள்ளியும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பார்வையற்றோருக்கான ஆர்தர் பிளாக்ஸல் பள்ளியும் நம் மக்களுக்கு நெடுநாளாகத் தெரிந்தவை. ‘சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினால் படிப்பு போய்விடும்’ என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்த வகைக்குப் பொருந்தாது. பாடங்கள் அவையே, அவற்றை அடையும் கருவிகள் வேறு.

செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு இது வெறும் வசதி அல்ல. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2015 முதல் தாய்மொழிப் பாடமாகப் பள்ளிகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2018-இல் முதன்முறையாக மெட்ரிக் தேர்வில் தாய்மொழிப் பாடமாக எழுதப்பட்டது. 2023 ஜூலையில் நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழியானது. ஆக, இசிசூலுவுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள அதே இடத்தில் நின்று, இலக்கியம், இலக்கணம், கட்டுரை எல்லாம் சைகையிலேயே கற்று, விடைகளைக் காணொளியாகப் பதிவு செய்து தேர்வு எழுதலாம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று பிள்ளையை ஏழெட்டு வயது வரை சாதாரணப் பள்ளியில் காத்திருக்க வைக்கும் பெற்றோரை நான் மிகுந்த கவலையுடன் பார்க்கிறேன். அந்த ஆண்டுகள் எந்த மொழியும் முழுமையாக வேரூன்றாமல் போகும் ஆண்டுகள். இதில் வீட்டுக்கும் ஒரு செலவு உண்டு: அம்மா, அப்பா, தாத்தா, ஆயா எல்லாரும் சைகை மொழி கற்க வேண்டும். பள்ளியில் மணிக்கணக்கில் உரையாடும் பிள்ளை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊமையாக உட்கார்ந்திருக்கக் கூடாது.

பார்வையற்ற பிள்ளையின் பெற்றோர் குறிப்பாகக் கேட்க வேண்டியது, 10-ஆம் வகுப்பில் என்னென்ன பாடங்கள் உண்மையில் கிடைக்கின்றன என்பது. பள்ளி சிறியதாக இருந்தால் விருப்பப் பாடங்களின் பட்டியலும் குறுகும். கணிதத்துக்குப் பதில் மேத்ஸ் லிட்டரசி மட்டுமே இருந்தால், கணிதம் கேட்கும் பட்டப்படிப்புகள் அப்போதே கைநழுவிவிடும். பிரெயில், தனியே நடமாடும் பயிற்சி, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஆகியவை தேர்வுப் பாடங்கள் அல்ல. ஆனால் இவற்றுக்கு அட்டவணையில் நேரம் ஒதுக்கப்படாத பள்ளியில் மற்றப் பாடங்களும் நிற்காது.

சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு, ஏழு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்களுடன் முடியும், ‘எண்டோர்ஸ்டு’ என்று குறிப்பு எழுதப்பட்ட மெட்ரிக் சான்றிதழும் உண்டு. பெயரில் மெட்ரிக் என்றிருந்தாலும் பட்டப்படிப்பு நுழைவுக்கு அது போதாது. சிலருக்கு இது நல்ல இலக்கு. ஆனால் ஏழு பாடங்கள் எழுத முடிகிற பிள்ளை, பள்ளியின் வசதிக்காக ஐந்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை 10-ஆம் வகுப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தூரமும் விடுதியும் இந்த வழியின் பாரங்கள். தெற்கே சாட்ஸ்வொர்த்திலிருந்து வடக்கே பீனிக்ஸ் பக்கம் உள்ள பள்ளிக்கு நகரைக் குறுக்காகக் கடந்து போகும் பிள்ளை விடியும் முன்னே வண்டியில் ஏற வேண்டியிருக்கும். பகலில் கற்பிக்கப்படுவதை வாங்கிக்கொள்ளும் தெம்பு அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வழி 3: கைத்திறன் பள்ளி

14 வயதை ஒட்டிய, மிதமான அறிவுத்திறன் குறைபாடுள்ள மாணவர்களுக்கானது இது. மொழி, கணிதம், வாழ்க்கை நெறி ஆகிய பாடங்களோடு ஒரு தொழிலும் கற்பிக்கப்படுகிறது: சமையலும் உணவு தயாரிப்பும், தையல், சிகையலங்காரம், மரவேலை, செங்கல் கட்டுமானம், வெல்டிங், மோட்டார் பழுதுபார்ப்பு, தோட்டவேலையும் வேளாண்மையும், குழந்தைப் பராமரிப்பு, அலுவலக உதவி, கடைப் பணி. நான்கு ஆண்டுப் பயிற்சி. தேசியத் தகுதிச் சட்டகத்தின் முதல் நிலையை, அதாவது 9-ஆம் வகுப்புக்கு இணையான நிலையை இலக்காக வைத்து வகுக்கப்பட்டது.

நம் வீடுகளில் இந்த வழிக்கு உரிய மதிப்புக் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. கரும்புத் தோட்டத்தில் உழைத்த கைகளால் பிள்ளைகளைப் படிக்கவைத்து, மருத்துவரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் ஆக்கிய சமூகம் இது, ‘கைவேலைக்கா அனுப்புகிறாய்?’ என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 8-ஆம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒன்றும் புரியாமல் அமர்ந்திருக்கும் பையனுக்கு, ஒரு கிலோ மாவை எடைபோட்டு, ஈஸ்ட்டைக் கலந்து, அடுப்பின் வெப்பத்தைத் தானே சரிபார்த்து, பத்துப் பேருக்கு ரொட்டி சுட்டு எடுப்பது முதன்முதலாகக் கணிதம் அர்த்தமாகும் இடமாக இருக்கலாம். 500 கிராம் என்பது அரைக் கிலோ என்பதைத் தாளில் மூன்று ஆண்டுகளாகத் தவறவிட்டவன், தராசின் முன்னால் நின்று ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பள்ளி பட்டியலிடும் தொழில்கள் வேறு, ஆசிரியரும் கருவிகளும் இருப்பதால் உண்மையில் நடக்கும் தொழில்கள் வேறு. பணிமனைக்குள் போய்ப் பாருங்கள், இயந்திரம் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, பெண் பிள்ளைகளைத் தையலுக்கும் சிகையலங்காரத்துக்கும் கேள்வியின்றி அனுப்புவது இன்றும் நடக்கிறது. மகளுக்கு மரவேலையில் ஆர்வமிருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று, இங்கிருந்து மெட்ரிக் பாதைக்குத் திரும்புவது மிகக் கடினம். மேற்படிப்பு வேண்டுமென்றால் டி.வெட் எனப்படும் அரசுத் தொழிற்கல்லூரியின் இரண்டாம் நிலைப் படிப்புகளே அடுத்த படி. அங்கே பாடநூல் ஆங்கிலமும் கணிதமும் சட்டென்று கடினமாகும்.

மேலங்கி, பாதுகாப்புக் காலணி, செய்முறைப் பொருள்கள் ஆகியவற்றுக்குத் தனியே செலவாகும். இவ்வகைப் பள்ளிகள் மேற்குக் கேப் மாநிலத்தில் உள்ள அளவுக்குக் குவாசூலு-நட்டாலில் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை என்பதால், பயணமோ விடுதியோ இங்கும் சேர்ந்துகொள்ளும்.

வழி 4: வேறுபடுத்தப்பட்ட பாடத்திட்டம் நடக்கும் சிறப்புப் பள்ளி

கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக, கிரேடு ஆர் எனப்படும் முன்தொடக்க வகுப்பு முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான கேப்ஸ் பாடப்பொருளை எளிமைப்படுத்தி அமைத்தது இது. மொழியும் தொடர்பாடலும், கணிதம், வாழ்க்கைத் திறன்கள் ஆகியவை மையம். வளர வளரத் தொழிற்பயிற்சி சேர்கிறது.

நல்ல பள்ளி ஒன்றில் கணித வகுப்பு இப்படி இருக்கும். அறையின் ஓரத்தில் ஒரு மேசை டக் ஷாப்பாக, அதாவது பள்ளித் தின்பண்டக் கடையாக மாற்றப்பட்டிருக்கிறது: ஒரு ரொட்டிப் பொட்டலம், ஒரு பால் பெட்டி, நான்கு வாழைப்பழம், ஒவ்வொன்றின் முன்னும் விலை எழுதிய அட்டை. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு ரேண்ட், ஐந்து ரேண்ட் நாணயங்களைத் தடவித் தடவிப் பிரிக்கிறாள். அவளால் பேச முடியாது. மேசையில் உள்ள படத்தாளில் பாலைத் தொட்டுக் காட்டி, பிறகு ‘வேண்டும்’ என்ற படத்தைத் தொடுகிறாள். ஆசிரியை அவசரப்படவில்லை. சிறுமி நாணயத்தைக் கொடுத்துவிட்டு, கையை நீட்டியபடியே நிற்கிறாள், மீதிச் சில்லறைக்காக. அந்த ஒரு பாடவேளைக்குள் எண், பணம், தொடர்பாடல், வரிசையில் நிற்கும் பொறுமை, தன் உரிமையைக் கேட்டு வாங்குதல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ‘அங்கே பொழுதுபோக்குத்தான் நடக்கிறது’ என்று சொல்பவர்கள் இப்படி ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் வண்ணம் தீட்டவும் தொலைக்காட்சி பார்க்கவும் விட்டுப் பகலைக் கழிக்கும் வகுப்புகளும் உண்டு. பிரித்தறிய, பிள்ளையின் தனிப்பட்ட உதவித் திட்டத்தைக் கேளுங்கள். ‘தன்னம்பிக்கை வளர்ப்பது’ என்று எழுதியிருந்தால் அது திட்டம் அல்ல. ‘இரண்டாம் பருவ முடிவுக்குள் தானே பல் துலக்குவாள், மூன்று படங்களைச் சேர்த்துத் தன் தேவையைச் சொல்வாள்’ என்று எழுதியிருந்தால் அது திட்டம்.

இந்தப் பாதை தேசியத் தேர்வு எதிலும் முடிவதில்லை. 18 வயதை ஒட்டிப் பள்ளி முடிந்ததும் குறைபாடுள்ளோருக்கான பாதுகாப்பான பணிமனையில் இடம் கிடைப்பது, குடும்பக் கடையில் வேலை, வீடு என்று தெரிவுகள் சட்டெனக் குறுகும். பள்ளிக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு அங்கேதான் காத்திருக்கிறது: பகலில் வீட்டில் இருக்க யாரோ ஒருவர் வேலையை விட வேண்டிய நிலை. தொழிற்பயிற்சி எந்த வயதில் தொடங்குகிறது, பள்ளிக்குப் பின் மாணவர்கள் எங்கே போனார்கள் என்பதை 10 வயதிலேயே கேட்பது மிகையல்ல.

இன்னும் ஆழ்ந்த குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தனியே ஒரு கற்றல் திட்டம் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பராமரிப்பு மையங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அடிப்படைக் கல்வி உரிமை உண்டு என்று மேற்குக் கேப் உயர்நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. ‘இவனுக்குப் படிப்பு எதற்கு?’ என்று எந்த அலுவலரும் இனிச் சொல்ல முடியாது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | சாதாரணப் பள்ளி, கேப்ஸ் | சிறப்புப் பள்ளி, கேப்ஸ் | கைத்திறன் பள்ளி | வேறுபடுத்தப்பட்ட திட்டம் |
|---|---|---|---|---|
| பாடங்கள் | 4, 6, 9, 7 என மாறும் | அவையே. விருப்பப் பாடங்கள் குறையலாம் | அடிப்படைப் பாடங்களும் ஒரு தொழிலும் | தொடர்பாடல், கணிதம், வாழ்க்கைத் திறன், பிறகு தொழிற்பயிற்சி |
| முடிவு | மெட்ரிக் | மெட்ரிக், அல்லது ஐந்து பாடச் சான்றிதழ் | 9-ஆம் வகுப்புக்கு இணையான நிலை | தேசியத் தேர்வு இல்லை |
| தெரபி | பெரும்பாலும் வெளியே, சொந்தச் செலவில் | பெரும்பாலும் பள்ளிக்குள் | பள்ளியைப் பொறுத்தது | பள்ளிக்குள் இருக்க வேண்டும். கேட்டு உறுதிசெய்க |
| மறைசெலவு | மதிப்பீடு, தனிப்பயிற்சி, உதவியாளர் | தூரம், விடுதி, வீட்டார் சைகை மொழி கற்றல் | உடை, கருவி, பயணம் | இடத்துக்கான காத்திருப்பு, 18-க்குப் பின் பராமரிப்பு |
| மாறும் வழி | எங்கும் போகலாம் | சாதாரணப் பள்ளிக்குத் திரும்பலாம் | மெட்ரிக்குக்குத் திரும்புவது அரிது | கைத்திறன் பள்ளிக்குச் சிலர் மாறலாம் |

கட்டணம் பற்றி ஒரு குறிப்பு. அரசுப் பள்ளியில் ஆண்டுக் கட்டணம் பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காட்டையோ அதற்கு மேலோ எட்டினால் முழு விலக்குக் கோரலாம். அதற்குக் கீழே பகுதி விலக்கும் உண்டு. வீட்டில் முழுநேரப் பராமரிப்புத் தேவைப்படும், கடுமையான குறைபாடுள்ள, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து, சஸ்ஸா எனும் அரசின் சமூக உதவித்தொகை அலுவலகம் வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. 18 ஆனதும் அது நிற்கும், குறைபாட்டு உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பணம் நின்றுபோகும் குடும்பங்கள் உண்டு. பிறந்தநாளுக்கு முன்பே படிவத்தைத் தொடங்கிவிடுங்கள்.

தமிழ் எங்கே நிற்கிறது

1860-இல் ட்ரூரோ கப்பலில் இந்த நாட்டில் வந்திறங்கிய முதல் இந்தியத் தொழிலாளர்கள் பலரின் மொழி, இன்றைய அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவில் வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு ஒரு குறைபாடு என்று தெரிந்த உடனே வீட்டில் முதலில் கைவிடப்படுவது தமிழ்தான். ‘ஒரு மொழியே வரவில்லை, இரண்டாவது எதற்கு?’ என்று சொல்லி, வாரயிறுதித் தமிழ் வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளையும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் வைத்து நடந்த ஆய்வுகள், இரு மொழிச் சூழல் அவர்களின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாகக் காட்டவில்லை. தேர்வுப் பாடமாக எத்தனை மொழி என்பது ஒரு கேள்வி. அங்கே குறைப்பதில் நியாயம் இருக்கலாம். ஆயாவோடு பேச எந்த மொழி என்பது முற்றிலும் வேறு கேள்வி. ஆயா தமிழில் கதை சொல்லும் வீட்டில் தமிழை எடுத்துவிட்டால் பிள்ளை இழப்பது ஆயாவையே.

இதைவிட அவசரமான விஷயம் மதிப்பீட்டின் மொழி. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத, வீட்டில் தமிழே பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்து, வந்த மதிப்பெண்ணை அறிவுத்திறனின் அளவாக எழுதிவிட்டால், வழி 1-க்கு உரிய பிள்ளை வழி 4-இல் போய் அமரும். மதிப்பீட்டுக்கு முன், பிள்ளை எந்த மொழியில் கனவு காண்கிறது, எந்த மொழியில் சண்டை போடுகிறது என்பதை உளவியலாளரிடம் சொல்லுங்கள். சொற்களைச் சாராத சோதனைகளைச் சேர்க்கும்படியும், தேவைப்பட்டால் தமிழ் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளும்படியும் கேளுங்கள். அறிக்கையில் ‘எந்த மொழியில் சோதிக்கப்பட்டது’ என்ற வரி இல்லையென்றால் அதை எழுதச் சொல்லுங்கள். பேசாத ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பேசாமல் இருப்பதற்கும் புரியாமல் இருப்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

யாருக்கு எது, எப்படி விண்ணப்பிப்பது

10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, தடை எதுவென்று இன்னும் தெளிவாகவில்லை என்றால், வழி 1-இல் வைத்து உதவியை முழுமையாகக் கேட்டுப் பெறுவதே என் பரிந்துரை. திரும்ப முடியாத வழியில் சீக்கிரம் காலெடுத்து வைக்க வேண்டாம். செவித்திறன் குறைபாடு உறுதியானால் இதற்கு நேர்மாறு: காத்திருக்காமல் சைகை மொழிப் பள்ளிக்கு. 13, 14 வயதில், வாசிப்பும் கணிதமும் பல ஆண்டுகள் பின்தங்கி, கைவேலையில் ஆர்வம் தெரிந்தால், மெட்ரிக் என்ற சொல்லுக்காகப் பிள்ளையை வதைக்காமல் கைத்திறன் பள்ளியைத் தேடுங்கள். அன்றாடத் தேவைகளுக்கே ஒருவரின் துணை வேண்டும், எளிய கட்டளைகளைப் பின்பற்றுவதே பெருமுயற்சி என்றால், வேறுபடுத்தப்பட்ட திட்டம் நடக்கும் நல்ல வகுப்பு, சாதாரணப் பள்ளியின் அன்பான மூலையைவிட அதிகம் கற்பிக்கும்.

எந்த வழியானாலும், பிள்ளையின் தடையைக் கண்டறிந்து உதவி தருவதற்கான 2014-இன் சியாஸ் கொள்கைப்படிதான் நகர முடியும். எஸ்.என்.ஏ. எனும் உதவித் தேவை மதிப்பீட்டுப் படிவங்களில் முதலாவதை வகுப்பாசிரியர் நிரப்புவார், பள்ளியின் உதவிக் குழு இரண்டாவதை, மாவட்டக் குழு மூன்றாவதை. சிறப்புப் பள்ளி இடத்தை முடிவு செய்வது மாவட்டக் குழு. நீங்கள் நேரே ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய்க் கேட்டாலும் அவர்கள் இந்தப் படிவங்களைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெற்றோர் கலந்துகொள்ள உரிமை உண்டு. ஒவ்வொரு படிவத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஊர் மாறினாலும் மாநிலம் மாறினாலும் அந்தக் கோப்பு உங்களோடு வர வேண்டும். இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தால், பள்ளியின் பெயரோடு பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்க்கப்படுகிறது என்பதையும், அந்த முடிவு எந்தத் தேதியில் மீளாய்வு செய்யப்படும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.